வேலிச் சண்டையும் வாடகைக் கால்களும்

ஞாயிற்றுக்கிழமை உதைபந்தாட்ட இறுதி ஆட்டம் 72 ஆவது நிமிடத்தோடு நின்றுபோனது. பிளாஸ்டிக் கதிரை ஐந்து உடைந்தது. ஒருவருக்குப் புருவத்தில் மூன்று தையல். வெற்றிக் கிண்ணம் ஏற்பாட்டாளர் ஒருவரின் வீட்டு அலுமாரிக்கு மேலே, துவாய் சுற்றியபடி இன்னும் கிடக்கிறது. அன்று இரவே ஊரில் ஒரு கதை கிளம்பிவிட்டது: "இந்த ரெண்டு கழகத்தையும் இனி ஒரே சுற்றுப்போட்டியில சேர்க்கக் கூடாது." நேற்று சிகையலங்காரக் கடையில் படித்த மனிசர் ஒருவரும் இதையே சொன்னார். பாதி முகத்தில் சவர்க்காரத்தோடு இருந்ததால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

கழகங்களின் பெயரை எழுதப் போவதில்லை. திருகோணமலையில் பந்து பார்க்கிற ஆட்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு: ஒன்று றோட்டுக்கு மேற்கே, மற்றது றோட்டுக்குக் கிழக்கே கடற்கரைப் பக்கம். நடுவில் இருப்பது ஒரு தார் றோட்டும் ஒரு பேக்கரியும்தான். நான் மேற்குப் பக்கம். ஆகவே சாய்வு இருக்கும், கழித்துப் படியுங்கள்.

நம்மூரில் ஒருவன் யாரோடு வேலிச் சண்டைக்குப் போவான்? பக்கத்து வளவுக்காரனோடுதான். கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டான் என்று உவர்மலையில் இருப்பவன் நிலாவெளிக்காரனோடு மல்லுக்கட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் இரண்டு கழகத்துக்கும் இடையில் இருப்பது சுத்தமான வேலிச் சண்டை. அதுவும் பங்காளி வேலி. பெரியவர்கள் சொல்லும்படி இரண்டும் ஒருகாலத்தில் ஒரே கழகம். பிரித்தானியக் கடற்படை 1957 இல் துறைமுகத்தை விட்டுப் போகும்வரை டொக்யாட்டில் வேலை செய்த தாத்தாமார், மாலுமிகள் அடித்துத் தேய்ந்த பந்தை வாங்கிக்கொண்டு வந்து ஆரம்பித்ததாம். பிறகு ஏன் பிரிந்தது? எங்கள் பக்கத்தில் கேட்டால் பொருளாளர் கணக்குக் காட்டவில்லை என்பார்கள். கிழக்கில் கேட்டால் கோல் வலை ஒரு சோடி யார் வீட்டில் இருப்பது என்று வந்த தகராறு என்பார்கள். அந்த வலை எந்தக் காலத்திலோ எலி தின்று போய்விட்டது. தகராறு மட்டும் இருக்கிறது.

சிரிக்க வேண்டாம், பெரிய பெரிய ஊர்களின் கதையும் இதுதான். லிவர்பூலில் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் முதலில் ஆடியது எவர்ட்டன். 1892 இல் வாடகைத் தகராறு வந்து அவர்கள் வெளியேற, கையில் வெறும் மைதானத்தோடு நின்ற ஜோன் ஹூல்டிங் தொடங்கியதுதான் லிவர்பூல் கழகம். வெளிநாட்டு ஆட்டக்காரரைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற சண்டையில் 1908 இல் ஏசி மிலானிலிருந்து பிரிந்து போனதுதான் இன்டர். கல்கத்தாவில் ஜோராபாகன் கழகம் சைலேஷ் போஸை ஆட்டத்தில் இறக்காமல் விட்ட கோபத்தில் 1920 இல் பிறந்தது ஈஸ்ட் பெங்கால். வாடகை, ஆள் சேர்ப்பு, ஒருவனை இருத்தி வைத்தது. எங்கள் வலைக் கதை இதற்கு எந்த வகையில் குறைச்சல்?

இந்தச் சண்டை எப்படி நடக்கும் என்று வெளியூர் ஆட்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுற்றுப்போட்டி வருவது பெரும்பாலும் ஜூன், ஜூலையில். கச்சான் காற்று அடிக்கிற காலம். மலைநாட்டு மழையை அங்கேயே கொட்டிவிட்டு, காய்ந்து சூடாகி மேற்கிலிருந்து வரும் காற்று. மைதானத்துப் புழுதி முழுக்க கிழக்குக் கோலைக் காத்து நிற்பவன் கண்ணுக்குள் போகும். அதனால் பாதிச் சண்டை நாணயம் சுண்டும்போதே தொடங்கிவிடும். கச்சான் முதுகில் அடிக்க ஆடும் பாதியில் கோல் போடவில்லை என்றால் அது கழகத்துக்கே மானக்கேடு. ரெஃபரியை வேறு மாவட்டத்திலிருந்துதான் கூப்பிடுவார்கள். அவர் இந்த ஊரில் பெண் எடுத்தவராக இருக்கக் கூடாது, பெண் கொடுத்தவராகவும் இருக்கக் கூடாது. ஒருமுறை எல்லாம் விசாரித்துக் கூப்பிட்டும், அவருடைய சகலன் கிழக்குப் பக்கம் என்று இடைவேளையில் கண்டுபிடித்தார்கள். இரண்டாம் பாதி 40 நிமிடம் தாமதம்.

என் பெரியக்கா கட்டியது கிழக்குப் பக்கம். ஆட்டத்துக்கு மூன்று நாளைக்கு முன்பிருந்து அத்தான் எங்கள் வீட்டுப் படி மிதிக்க மாட்டார். அக்கா ஆட்டத்தன்று காலையிலேயே சமைத்து மூடி வைத்துவிட்டு பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய்விடுவா. யாருக்காக வேண்டிக்கொண்டாய் என்று இன்றுவரை நாங்கள் கேட்டதில்லை, அவவும் சொன்னதில்லை. ஆனால் மறுநாள் காலையில் மீன் வாங்கக் கரைக்குப் போனால், முதல்நாள் ஒருவன் காலை ஒருவன் வாரிய அதே இரண்டு பேரும் ஒரே சம்மாட்டியின் கரைவலையை இழுத்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு முனையில் அவன், மறுமுனையில் இவன். பேச்சு இருக்காது. கயிறு மட்டும் ஒரே தாளத்தில் வரும்.

இனி, நான் வெட்கப்படுகிற ஒரு கதை.

2002. போர்நிறுத்தம் வந்த வருடம். எனக்கு 19 வயது. கிண்ணியாவில் நடந்த சுற்றுப்போட்டி ஒன்றின் இறுதி ஆட்டத்துக்கு எங்கள் இரண்டு கழகமும் வந்துவிட்டன. கிண்ணியா சனம் பந்துக்குப் பைத்தியம் பிடித்த சனம், சொல்லத் தேவையில்லை. தங்கள் அணி இல்லாவிட்டாலும் மைதானம் நிறைந்து, தென்னை மரத்திலும் ஆள். பாலம் வந்தது 2009 இல்தான், அப்போது பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவைப் படகில்தான் கடக்க வேண்டும். போகும்போது இரண்டு கழகமும் வேறு வேறு பாதையில் போனோம்.

ஆட்டம் முடிய பத்து நிமிடம் இருக்கையில் எங்களுக்குத் தண்ட உதை கிடைத்தது. கோல் எதுவும் விழாத ஆட்டம். நான் கோல் வலைக்குப் பின்னால், கிழக்குப் பக்கக் காப்பாளரின் முதுகிலிருந்து ஆறடி தள்ளி நின்றேன். அவன் அப்பா 1990 இல் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போகப்பட்டவர், திரும்பவில்லை. எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அவன் கையை விரித்துக்கொண்டு நிற்கும்போது நான் கத்தினேன்: "முதல்ல அப்பாவைத் தேடிப் பிடி, பந்தைப் பிறகு பிடிக்கலாம்!"

சுற்றி நின்ற எங்கள் ஆட்கள்கூடச் சிரிக்கவில்லை. எங்கள் கப்டன் பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தவர், அப்படியே நடந்து வந்தார். கோலைச் சுற்றி வலைக்குப் பின்னால் வந்து, என் கன்னத்தில் ஒரு அறை. "வாயை மூடிக்கொண்டு வீட்ட போடா." அவ்வளவுதான். திரும்பப் போய், ஓடி வந்து அடித்தார். பந்து கம்பத்துக்கு ஒரு முழம் வெளியே போனது. சட்டப்படி பார்த்தால் ரெஃபரி அவருக்குச் சிவப்பு அட்டை காட்டியிருக்க வேண்டும். மஞ்சளோடு விட்டார், அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

வேண்டுமென்றே வெளியே அடித்தாரா, கோபத்தில் கால் பிசகியதா? இருபது வருடத்துக்கு மேலாக ஊர் இதைப் பேசுகிறது. கப்டன் இப்போது கனடாவில். எத்தனையோ பேர் கேட்டும் சொல்லவில்லை. நாங்கள் தோற்றோம். கூடுதல் நேரத்தில் ஒரு தலைமுட்டுக் கோல். திரும்பி வருகையில் துறையில் பாதை ஒன்றுதான் நின்றது. தோற்றவர்களும் வென்றவர்களும் அதிலேயே ஏறினோம். வென்றவர்கள் கொண்டுவந்த சீனவெடிக் கட்டைக் கொளுத்தவில்லை. நான் ஒரு மூலையில், அவன் ஒரு மூலையில். அந்தத் தண்ணீரைக் கடந்ததுபோல் நீண்ட பயணம் நான் பிறகு போனதே இல்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அன்று என்னை அறைந்தது எதிரி இல்லை, என் கப்டன். அவருக்கு அந்தக் காப்பாளனின் அம்மாவைத் தெரியும். காலையில் அதே பேக்கரியில் அவவுக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியவர். எங்கள் சண்டை இவ்வளவு காலமும் எல்லை தாண்டாமல் இருந்ததற்கு அந்தப் பேக்கரி வரிசைதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். பொலிஸோ தண்டப்பணமோ இல்லை.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். இரண்டு பக்கமும் இறங்கிய 22 பேரில் நம்மூர்ப் பெடியள் எத்தனை பேர்? நான் எண்ணினேன், ஒன்பது. மற்றவர்கள் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி, வான் பிடித்துக் கூட்டிவந்தவர்கள். ஆட்டத்தில் குறை சொல்ல முடியாது, கெட்டிக்காரர்கள். ஆனால் எங்கள் பக்கம் இரண்டாவது கோலைப் போட்டவன், ஜேர்சியைக் கழற்றிக்கொண்டு நேரே ஓடிப் போய் நின்று ஆடியது எங்கே தெரியுமா? அந்தப் பக்கத்துக் கழகத்தின் மறைந்த தலைவர் ஒருவரின் படத்துக்கு மாலை போட்டு வைத்திருந்த மேசைக்கு முன்னால். அவனுக்கு அது யார் என்று தெரியாது. தெரிந்திருக்கவும் நியாயமில்லை, காலையில் வந்து மாலையில் போகிறவன். முதல் கதிரை பறந்தது அப்போதுதான். நம்மூர்ப் பெடியன் ஒருவன் அந்தக் கோலைப் போட்டிருந்தால் கத்தியிருப்பான், கெட்ட வார்த்தையும் பேசியிருப்பான். அந்த மேசைப் பக்கம் போயிருக்க மாட்டான்.

அடுத்தது போன். ஆட்டம் நேரலையில் போய்க்கொண்டிருந்தது. கதிரை பறந்து முடிந்த ஐந்தாவது நிமிடம், "விடாதீங்கடா, அடிங்கடா" என்று டொரன்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் எழுத்து வந்து விழுகிறது. இங்கே ஒருவன் அதை உரக்க வாசித்துக் காட்டுகிறான். அடி வாங்கப்போகிற கன்னம் அவர்களுடையது இல்லையே. ஊர்ப் பாசம் எனக்கும் புரியும், கழகத்துக்கு ஜேர்சி வாங்கப் பணம் அனுப்பியவர்களில் பாதிப் பேர் அவர்கள். ஆனால் வேலி இல்லாதவன் வேலிச் சண்டைக்குக் கத்தி எடுத்துக் கொடுக்கக் கூடாது.

தடை செய்யச் சொல்கிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. 1980 ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தா ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் ஈஸ்ட் பெங்கால் – மோகன் பகான் ஆட்டத்தில் கலவரம் வந்து 16 ரசிகர்கள் செத்துப்போனார்கள். அப்படி ஒரு நாள் இங்கே வந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. வேறு ஊரில் வைத்து மீதி ஆட்டத்தை முடிக்கலாம் என்கிறார்கள் சிலர். 2018 இல் ஆர்ஜென்டினாவில் ரிவர் பிளேட் ரசிகர்கள் போகா ஜூனியர்ஸ் பஸ்ஸுக்குக் கல்லெறிந்ததால், அந்த இறுதி ஆட்டத்தைக் கடல் தாண்டி ஸ்பெயினில் மத்ரித் நகரில் நடத்தினார்கள். ரிவர் 3–1 என்று வென்றது. ஆட்டம் முடிந்தது, சரி. புவனஸ் ஐரிசில் சண்டை முடிந்ததா?

எதிரி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். சுனாமிக்குப் பிறகு இரண்டு வருடம் கிழக்குப் பக்கக் கழகம் இறங்கவில்லை. வலை, வள்ளம், வீடு எல்லாம் போன சனம் பந்துக்கு எங்கே போகும்? நாங்கள் தொடர்ந்து ஆடினோம், ஒரு கிண்ணமும் எடுத்தோம். பயிற்சிக்கு ஆறு பேர் வந்தால் பெரிய காரியம். கிண்ணம் எடுத்த இரவு எட்டு மணிக்கெல்லாம் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். யாருக்கு முன்னால் வெடி கொளுத்துவது? ஸ்கொட்லாந்தில் 2012 இல் ரேஞ்சர்ஸ் கடனில் மூழ்கி நான்காம் நிலைக்குப் போனபோது, செல்டிக் ரசிகர்களுக்கும் முதலில் இனித்துத்தான் இருந்திருக்கும். நான்கு வருடம் லீக்கில் அந்த ஆட்டமே இல்லை.

இன்னொன்று. 2023 ஜனவரியில் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தையே பீஃபா இடைநிறுத்தியது. எந்த மைதானத்திலும் கதிரை உடைத்ததற்காக இல்லை, மேலே இருந்தவர்களின் நாற்காலிச் சண்டைக்காக. பந்தைக் கெடுப்பது ஒழுங்கைப் பெடியள்தான் என்று பேசுகிறவர்கள் அதையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

நான் கேட்பது இரண்டே விடயம். வெளியாள் அணிக்கு இரண்டு பேர், அதற்கு மேல் வேண்டாம். நேரலைக்குக் கீழே எழுத்தைப் பூட்டுங்கள். மீதி 18 நிமிடத்தை இதே மைதானத்தில், இதே கச்சானில் ஆடி முடிக்கட்டும். 2–1 இல் முன்னுக்கு நிற்பது நாங்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.

அந்தக் காப்பாளன் இப்போது சைக்கிள் கடை வைத்திருக்கிறான். அன்றைய சம்பவத்துக்கு நான் மன்னிப்புக் கேட்டது ஏழு வருடம் கழித்து. "அதை விடு மச்சான்" என்று சொல்லிவிட்டுக் கதையை மாற்றிவிட்டான், அதன் பிறகு அதைப் பற்றிப் பேசியதில்லை. இன்று காலை மகனின் சைக்கிளை ஒட்டுப்போடக் கொண்டுபோனேன். டியூப்பைத் தண்ணீருக்குள் அமுக்கிக் குமிழ் பார்த்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டான்: "என்ன, உங்கட ஆக்கள் மிச்ச 18 நிமிசத்துக்கும் வான் பேசியாச்சோ?"

எவ்வளவு காசு என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற பெடியனுக்கு 100 ரூபாய் சொன்னவன், எனக்கு 150 என்றான்.

கொடுத்துவிட்டு வந்தேன்.