முகப்பருவுக்கு ஸ்டீராய்டு க்ரீம் மருந்தல்ல

முப்பது வயதுக்கு மேல் வரும் முகப்பருவை பெட்டாமெத்தசோன் கலந்த க்ரீம் ஒரே வாரத்தில், குறைந்த செலவில் குணப்படுத்திவிடும் என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. வீரியமுள்ள இந்த ஸ்டீராய்டு, சிவப்பையும் வீக்கத்தையும் தற்காலிகமாக அடக்குவதால் பரு போய்விட்டதாகத் தோன்றுமே தவிர, தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, கன்னத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் தெரியத் தொடங்கி, நிறுத்தியதும் முன்பைவிட அதிகமாகப் பரு கிளம்பக்கூடும். மருத்துவர் சீட்டின்றி இத்தகைய க்ரீம்களை விற்கக் கூடாது என்று இந்தியாவில் 2018-இலேயே விதி வந்தும், கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இருப்பது வேதனைக்குரியது.

விலை குறைந்த நல்ல மருந்துகள் உண்மையிலேயே இருக்கின்றன. பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீத ஜெல், 10 சதவீத ஜெல்லுக்கு ஏறத்தாழ இணையான பலனை, குறைந்த எரிச்சலுடன் தரும். ஆனால் தலையணை உறையில் பட்டால் அதன் சாயம் வெளுத்துவிடும். அடாபலீன் 0.1 சதவீத ஜெல்லை இரவில் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுவதும் மெல்லப் பூசினால் போதும். தொடக்கத்தில் தோல் உரியலாம், பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகும். கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும்.

ஏற்கெனவே ஸ்டீராய்டு பூசி வருபவர்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவில் காட்டி, அதை எப்படி நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளலாம்.