டன் கணக்கு சரி, வயசுக் கணக்கு எங்கே?

ஹெர்ரிங் மீன்பிடிப்பு வளம் குன்றாமல் நடக்கிறது என்று யாராவது சான்றிதழை நீட்டினால் எனக்கு முதலில் வருகிற கேள்வி, பிடிபட்ட மீனுக்கு என்ன வயது என்பதுதான். கேட்டால் சிரிக்கிறார்கள்.

ஹெர்ரிங் மத்திக்கு உறவுக்கார மீன், ஆனால் ஆயுசு கெட்டி. நார்வே பக்கத்து மீன் இருபது வருடம்கூட இருக்கும். அதன் செதிலை நுண்ணோக்கியில் வைத்தால் மர வளையம் மாதிரி குளிர்காலத்துக்கு ஒரு கோடு தெரியும். அந்தக் கோடுகளை எண்ணித்தான், 1904இல் பிறந்த ஒரே வருடத்துக் குஞ்சுகள் அதற்கப்புறம் பல வருடம் நார்வே வலைகளை நிரப்பின என்று கண்டுபிடித்தார்கள். அப்படியொரு பிறப்பு எப்போதாவதுதான் வாய்க்கும். நடுவில் குஞ்சு சரியாகத் தேறாத வருடங்களைத் தாங்குவது கிழட்டு மீன்கள்.

1960களில் ஒலியை வைத்து மீன் கூட்டத்தைக் காட்டும் சோனார் வந்தது, சுருக்குமடியை மேலே இழுக்க பவர் பிளாக் வந்தது, பிடித்ததில் பெரும்பகுதி மீன்தூளும் எண்ணெயுமாகப் போனது. இதில் ஒரு சூது இருக்கிறது. ஹெர்ரிங் எவ்வளவு குறைந்தாலும் கூட்டமாகத்தான் திரியும். நூறு கூட்டம் இருந்த கடலில் பத்துதான் மிச்சம் என்றாலும் அந்தப் பத்தையும் சோனார் காட்டிவிடும், மடி வழக்கம்போல நிறையும், கரையில் நிற்பவருக்கு மீன் குறைந்த மாதிரியே தெரியாது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நார்வே மீன்வளம் சரிந்துவிட்டது. தேறி வர இருபது வருடம் ஆனது.

மூடினால் மீன் திரும்பும் என்பார்கள். உண்மைதான், 1977இல் வட கடலில் ஹெர்ரிங் பிடிக்கத் தடை போட்டார்கள், சில வருடத்தில் மீன் தேறியது, மறுக்கவில்லை. ஆனால் எண்ணிக்கை திரும்பினால் வழியும் திரும்புமா? முட்டையிடும் இடத்துக்குப் போகும் பாதையை இளசுகள் மூத்த மீன்களோடு சேர்ந்து நீந்தித்தான் பழகுகின்றன. 2016இல் பிறந்த பெரிய கூட்டம் பருவத்துக்கு வந்தபோது வழிகாட்ட மூத்தவை போதுமான அளவு இல்லை, வலைகள் முன்பே அள்ளியிருந்தன. நார்வேயின் மேற்கே மோரே கரைக்கு வர வேண்டிய மீன் சுமார் 800 கிலோமீட்டர் வடக்கே, லோஃபோட்டன் பக்கம் முட்டையிடப் போய்விட்டது. 2025இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இது.

நாடுகள் என்ன செய்துகொண்டிருந்தன? பாகப்பிரிவினைச் சண்டை. மொத்தம் இவ்வளவு பிடிக்கலாம் என்று விஞ்ஞானிகள் சொல்வதை நார்வே, ஐஸ்லாந்து, ஃபாரோ, ஐரோப்பிய ஒன்றியம் எல்லாம் தலையாட்டி ஒத்துக்கொள்ளும், அப்புறம் அவரவர் பங்கை அவரவரே எழுதிக்கொள்வார்கள், கூட்டினால் சொன்ன அளவைத் தாண்டி நிற்கும். வளம் குன்றாத மீன்பிடிப்புக்கு எம்எஸ்சி அமைப்பு தரும் நீல முத்திரைச் சான்றிதழே இதனால்தான் 2020 கடைசியில் நிறுத்திவைக்கப்பட்டது.

பங்கு யாருக்கு எவ்வளவு என்று இன்னும் பத்து வருடம் அடித்துக்கொள்ளட்டும். அதுவரை ஒதுக்கீட்டுத் தாளில் டன்னுக்குப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: பத்து வயது தாண்டியதில் எவ்வளவு பிடிக்கலாம்?