கன்ட்ரியில் சோல் கலந்தது 2024இல்தானா?

"கன்ட்ரி இசையில் சோலையும் ராக்கையும் முதன்முதலில் கலந்தது பியான்சேயின் 'கவ்பாய் கார்ட்டர்'தான்" என்று, 2024இல் வந்த அந்த ஆல்பத்தைப் பற்றி ஒரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. தவறு. (கன்ட்ரி என்பது அமெரிக்கக் கிராமப்புறச் சாயல் கொண்ட இசை; சோல் என்பது கறுப்பின அமெரிக்கர்களின் உணர்ச்சி பொங்கும் பாட்டு வகை.) அமெரிக்க இசை இதழான பில்போர்டின் கன்ட்ரி ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் கறுப்பினப் பெண் அவர், அது உண்மை. அதைத்தான் யாரோ இழுத்து நீட்டிவிட்டார்கள் போல.

1962லேயே சோல் பாடகர் ரே சார்ல்ஸ், ஹாங்க் வில்லியம்ஸ் போன்ற கன்ட்ரி பாடகர்களின் பாட்டுகளை எடுத்து, பிராஸ் வாத்தியங்களும் கோரஸும் சேர்த்து ஒரு முழு ஆல்பமே போட்டுவிட்டார். அதிலிருந்த 'ஐ கான்ட் ஸ்டாப் லவிங் யூ' அமெரிக்காவில் 5 வாரம் முதலிடத்தில் இருந்தது.

அப்புறம் 1969. ஃப்ளையிங் புரிட்டோ பிரதர்ஸ் என்ற இசைக்குழுவின் 'தி கில்டட் பேலஸ் ஆஃப் சின்' ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள்: சோல் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளின் பாடிய 'டூ ரைட் உமன்' அதில் கன்ட்ரியாக வருகிறது, கன்ட்ரிக்கே உரிய பெடல் ஸ்டீல் கிட்டாரை குழுவின் ஸ்னீக்கி பீட், ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெட்டி வழியாக விட்டு ராக் கிட்டார் மாதிரி உறும வைக்கிறார். (எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பிடித்தது.)

இதில் வேடிக்கை என்னவென்றால், 1970இல் சோல் குரலோடு கன்ட்ரி ஆல்பம் வெளியிட்ட கறுப்பினப் பாடகி லிண்டா மார்டெல்லை பியான்சேயே 'கவ்பாய் கார்ட்ட'ரில் பேச வைத்திருக்கிறார். பதிவு போட்டவர் அதை முழுதாகக் கேட்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.