சுயம்பு அத்தானின் கடைவாய்ப்பல்

(நாகர்கோவிலில் ஒரு பல் ஆஸ்பத்திரி. இடக்கன்னம் வீங்கிப்போய் சுயம்பு. பக்கத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்துடன் மச்சினன் செல்வன். இவன் மகள் பிடிஎஸ் படிப்பது ஊருக்கே தெரியும். தெரிய வைத்தவன் இவனேதான்.)

சுயம்பு: ஊசி போடட்டும், பிடுங்கட்டும். எக்ஸ்ரே மட்டும் வேண்டாம்டே. கதிர்வீச்சு!

செல்வன்: அத்தான், உங்களுக்கு எந்த ஊர்?

சுயம்பு: இதென்ன கேள்வி? மணவாளக்குறிச்சி.

செல்வன்: சின்ன வயதில் எங்கே விளையாடினீர்கள்?

சுயம்பு: கடற்கரையில்தான். கழுத்துவரை மணலில் புதைந்து கிடப்போம்.

செல்வன்: அந்த மணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறது. மோனசைட்டில் கதிர்வீசும் தோரியம் இருக்கிறது. கதிர்வீச்சில் கழுத்துவரை கிடந்தவர் ஒரு பல்லைப் படம் எடுக்கப் பயப்படுகிறீர்களே!

சுயம்பு: அது நம்ம ஊர்க் கதிர். இது மெஷின் கதிர்.

செல்வன்: உடம்புக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. மண், காற்று, ஆகாயம் என்று எல்லாம் சேர்ந்து, மனிதன் சும்மா இருந்தாலே உலகச் சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் வாங்குகிறான். மில்லிசீவர்ட் என்பது உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு. ஒரு பல்லுக்கு எடுக்கும் படத்தில் சுமார் 0.005தான். ஒரு நாள் கணக்குக்குக்கூட வராது.

சுயம்பு: அப்படியானால் பட்டனை அழுத்தும்போது அந்தப் பெண் ஏன் வெளியே ஓடுகிறாள்? போன வாரமே கதவிடுக்கில் பார்த்துவிட்டேன்.

செல்வன்: உங்களுக்கு ஒரு படம். அவளுக்கு நாள் முழுக்க அதே வேலை. கல்யாண வீட்டில் நீங்கள் ஒரு பந்தியில் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவீர்கள். சமையல்காரர் எல்லாப் பந்தியிலும் உட்கார்ந்தால் என்ன ஆவார்?

சுயம்பு: யாரோ ஒரு டாக்டருக்கு எக்ஸ்ரேயால் கையே போய்விட்டதாம். வாட்ஸாப்பில் வந்தது.

செல்வன்: அது உண்மைதான்.

(சுயம்பு எழுந்து செருப்பைத் தேடுகிறார்.)

செல்வன்: உட்காருங்கள் அத்தான்! அவர் பெயர் கெல்ஸ், நியூ ஆர்லியன்ஸ் பல் மருத்துவர். மெஷின் சரியாக இருக்கிறதா என்று தன் கையையே கதிருக்கு முன்னால் நீட்டிப் பார்ப்பார். வருடக்கணக்கில் இதே பழக்கம். அது ஆரம்ப காலம். 1896இல் வால்காஃப் என்ற ஜெர்மன்காரர் தன் பல்லைப் படம் எடுக்கவே 25 நிமிடம் ஆயிற்று. இப்போது ஒரு நொடிகூட ஆகாது.

சுயம்பு: 25 நிமிடம் வாயில் தகட்டை வைத்துக்கொண்டா? எச்சில் வடிந்திருக்குமே... சரி, அந்த ஈய உடுப்பையாவது போட்டுவிடச் சொல்.

செல்வன்: கதிர் குறுகலாக, குறி வைத்துத்தான் வருகிறது. அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கமே 2024இல் ஈய உடுப்பு தேவையில்லை என்று சொல்லிவிட்டது. கேட்டால் தருவார்கள்.

சுயம்பு: தரட்டும். ஃபீஸில் சேர்ந்ததுதானே? ஆமாம், வலிக்கிற பல்லை நானே விரலை வைத்துக் காட்டும்போது படம் எதற்கு?

செல்வன்: நீங்கள் காட்டுவது ஈறுக்கு வெளியே தெரிகிற பாதியை. வேர் நுனியில் சீழ் கட்டியிருக்கிறதா, எலும்பு கரைந்திருக்கிறதா, வேர் எவ்வளவு நீளம், இதெல்லாம் தெரியாமல் எப்படி ரூட் கெனால் செய்வது? போன வாரம் எக்ஸ்ரே வேண்டாம் என்று மாத்திரையோடு வந்தீர்களே, இப்போது கண்ணாடியில் கன்னத்தைப் பாருங்கள்.

(உள்ளே அழைக்கிறார்கள். சுயம்பு போகிறார். சிறிது நேரத்தில் முகம் இருண்டு திரும்பி வருகிறார்.)

செல்வன்: வலித்ததா?

சுயம்பு: வயர் வைத்த சதுரத் துண்டு ஒன்றை வாய்க்குள் திணித்தாள், அண்ணத்தில் இடித்தது. 'டிக்' என்றது. உடனே கம்ப்யூட்டரில் என் பல். அதோடு விட்டதா? பக்கத்துப் பல்லிடுக்கிலும் சொத்தையாம்! ஒரு பல்லுக்கு வந்தவனை இரண்டு பல்லுக்கு மாட்டிவிட்டதுடே உன் எக்ஸ்ரே.

செல்வன்: இப்போதே தெரிந்தது நல்லதுதானே, அடைத்தால் போதும்.

சுயம்பு: அது இருக்கட்டும். உன்னையும் பார்க்கச் சொல்லிவிட்டேன். உள்ளே போ, ஒரு படம் எடுக்கட்டும்.

செல்வன்: எனக்கா? ஐயோ அத்தான், தேவையில்லாமல் எக்ஸ்ரே எடுக்கவே கூடாது! எவ்வளவு குறைவாக இருந்தாலும் கதிர் கதிர்தான். காரணம் இருந்தால்தான் எடுக்கவேண்டும்.

சுயம்பு: காரணம் இருக்கிறது. வந்ததிலிருந்து சிப்ஸை வலது பக்கமாகவே மெல்லுகிறாயே, ஏன்டே?