செடிகள் பகலிலும் சுவாசிக்கின்றன

"செடிகள் பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில் மட்டும் சுவாசிக்கும், ஸ்நேக் பிளான்ட் மட்டுமே இரவிலும் ஆக்சிஜன் தரும், படுக்கையறையில் வேறு செடி வைக்காதீர்கள்" என்று பெங்களூரு அல்சூர் நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியல்ல.

செல் சுவாசத்துக்குப் பகல், இரவு என்ற பேதம் கிடையாது. ஒளிச்சேர்க்கை சர்க்கரையைத் தயாரிக்கிறது. அச்சர்க்கரையைச் சிதைத்து, செல்லின் வேலைகளுக்கு வேண்டிய ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைப் பெறும் பணியே சுவாசம்; அது பெரும்பாலும் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பில், நாள் முழுவதும் நடக்கிறது. நல்ல வெயிலில் வெளிவரும் ஆக்சிஜன் செலவாவதைவிட மிகுதி என்பதால் பகல்நேரச் சுவாசம் நம் கவனத்துக்கு வருவதில்லை, அவ்வளவுதான். ஒளியே படாத வேரும் சுவாசித்தாக வேண்டும். பெங்களூரு மழையில் பால்கனித் தொட்டியின் வடிகால் துளை அடைத்துக்கொண்டால், தண்ணீர் ததும்பியும் துளசி வாடி வேர் கறுத்து அழுகுவதற்கு, மண்ணிடையே இருந்த காற்று போய் வேருக்கு ஆக்சிஜன் கிட்டாமற் போவதே முதற்காரணம்.

ஸ்நேக் பிளான்ட் இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேமிப்பது உண்மை. (நீரிழப்பைக் குறைக்கும் ஏற்பாடு அது.) ஆனால் ஆக்சிஜன் பிறப்பது கரியமில வாயுவிலிருந்து அல்ல, ஒளியாற்றலால் நீர் பிளக்கப்படும்போதுதான், 1941-இல் விஞ்ஞானிகள் ரூபனும் கேமனும் ஆக்சிஜன்-18 (ஆக்சிஜனின் கனமான வகை) கலந்த நீரைக் கொண்டு இதற்குச் சான்று காட்டினர். இருட்டில் அந்த வினை நடவாது.

செடிகள் இரவில் வெளிவிடும் கரியமில வாயுவைப் பற்றிய அச்சமும் வேண்டாம். உறங்கும் மனிதர் ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 மி.லி. கரியமில வாயுவை வெளிவிடுகிறார். நான்கைந்து தொட்டிச்செடிகள் சேர்ந்தாலும் அதில் சிறு பங்கே. மணிபிளான்ட்டை அறையைவிட்டு வெளியேற்றுபவர், நியாயப்படி, பக்கத்தில் உறங்குபவரைத்தான் முதலில் வெளியேற்ற வேண்டும்.