அது சுரபுன்னை, சாமி

மூன்று நாளாக அந்தப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டு ரீல்ஸை எனக்கு அனுப்பாத ஆள் இல்லை. "உங்க ஊர்ப் பக்கமாச்சே, பாத்தீங்களா?" பார்த்தேன். நாலு தடவை பார்த்தேன். லிங்க் போட மாட்டேன். அவருக்கு வியூஸ் சேர்த்துக் கொடுக்க நான் எதற்கு உழைக்க வேண்டும்?

"நடராஜர் ஆடின தில்லைவனம் இதுதான் மக்களே, இதுதான் அந்தத் தில்லை மரம்" என்று ரீல்ஸ் போட்டவர் படகில் எழுந்து நிற்கிறார். (படகில் எழுந்து நிற்கக் கூடாது. அதை விடுங்கள்.) தலைக்கு மேல் தொங்குகிற கிளையை ஒடிக்கிறார். ஒடித்த இடத்தை கேமராவுக்கு நேரே நீட்டி, "பால் வருதா? வரல. பட்டா கண்ணு போயிடும்னு பயமுறுத்துவாங்க, எல்லாம் கட்டுக்கதை" என்கிறார்.

எப்படி வரும்? அது தில்லை இல்லை, சுரபுன்னை என்கிற வேறு மரம்.

கிளைக்குப் பின்னால் முருங்கைக்காய் மாதிரி பச்சையாக நீளமாகத் தொங்குகிறதே, அது காய் இல்லை, மரத்திலேயே முளைத்துவிட்ட நாற்று. விழுந்தால் சேற்றில் ஈட்டி மாதிரி குத்தி நிற்கும். தண்ணீருக்குள் கால் காலாக இறங்கி நிற்கிற வளைந்த முட்டு வேர்களும் அதே வீடியோவில் தெரிகின்றன. இந்த இரண்டும் இருந்தால் சுரபுன்னை. படகு போகிற குறுகிய வாய்க்கால் ஓரமெல்லாம் பெரும்பாலும் அதுதான். அதற்குப் பின்னால் சேற்றில் பென்சில் பென்சிலாக மூச்சுவேர் நீட்டிக்கொண்டு நிற்பது வெண்கண்டல். அதன் இலையை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும். தில்லைக்கு முட்டு வேரும் கிடையாது, பென்சில் வேரும் கிடையாது. வேர் தரையோடு தரையாகப் பாம்பு போல ஓடும். பெரும்பாலும் கொஞ்சம் மேடான, கரையை ஒட்டின பக்கம்தான் நிற்கும். ஒடித்துப் பார்க்கவே தேவையில்லை, இலையைப் பாருங்கள். சுரபுன்னைக்கும் வெண்கண்டலுக்கும் இலை எதிரெதிராக ஜோடியாக வரும். தில்லைக்கு மாறி மாறி ஒவ்வொன்றாக வரும், உதிர்வதற்கு முன்னால் சிவக்கும். அவ்வளவுதான் பாடம். ஒரு நிமிடம் ஆகாது.

"ஒரு கிளைக்குப் போய் இவ்வளவு கோபமா?" என்று கேட்பீர்கள். கிளைக்கு இல்லை சார். "பால் கட்டுக்கதை" என்று லட்சம் பேருக்குச் சொல்லியாகிவிட்டது. அதில் நூறு பேர் அடுத்த மாதம் வருவார்கள். ஒருவராவது நிஜத் தில்லையை ஒடித்துப் பார்ப்பார். வெள்ளைப் பால் குபுக்கென்று வரும். தோலில் பட்டால் எரிந்து கொப்பளிக்கும். கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையே போகும். ஆங்கிலத்தில் அந்த மரத்துக்கு வைத்த பெயரே 'கண்ணைக் குருடாக்கும் மரம்' என்றுதான். விறகாக எரித்தால் புகை கூட கண்ணுக்கு ஆகாது. பட்டுவிட்டால் கசக்கக் கூடாது. கையில் இருக்கிற குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து ஊற்ற வேண்டும், குறைந்தது 15 நிமிடம். லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிட்டு, கழுவி முடித்த உடனே சிதம்பரத்தில் கண் டாக்டரிடம் போக வேண்டும். ஒரு கல்லூரிப் பையன் படகுக்கு வெளியே குனிந்து காயல் தண்ணீரை அள்ளி அள்ளிக் கண்ணில் அடித்துக்கொண்டதைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். உப்புத் தண்ணீரும் சேறும். எரிச்சல் குறையவா செய்யும்?

அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். "புராணம் சொன்னது தப்பா? நம்பிக்கையைக் கேலி பண்றீங்களா?"

கேலி பண்ணினது யார்? தில்லை மரத்தால்தான் சிதம்பரத்துக்குத் தில்லை என்றே பெயர். கோயிலின் தல மரம் அது. புலிக்கால் முனிவர் கதையை நானும்தான் கேட்டு வளர்ந்தேன். வண்டு தொடுவதற்கு முன்னால் பூப்பறிக்க வேண்டும், மரத்தில் வழுக்காமல் ஏற வேண்டும் என்று புலியின் கால்களைக் கேட்டு வாங்கினவர் வியாக்கிரபாதர். ஏசி அறையில் உட்கார்ந்து படித்தால் அது விசித்திர வரம். இங்கே வற்றின நேரத்தில் முழங்கால் அளவு சேற்றில் நாலடி நடந்து பாருங்கள், நீங்களும் புலிக்கால்தான் கேட்பீர்கள். அந்தக் கதையைச் சொன்னவன் இந்தக் காட்டை மிதித்தவன் என்று எனக்குத் தோன்றும். 'தொடாதே, இது சாமி மரம்' என்று சொன்னவனுக்கும் பால் தெரிந்துதான் இருக்கும். சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே சாமி மரத்தை ஒடிக்கிறவர் பக்திமான், அது வேற மரம்யா என்று சொல்கிற நான் நாத்திகன். நல்ல கணக்கு.

"டூரிஸ்ட் வந்தாதானே ஊருக்குக் காசு?" வரட்டும். யார் வேண்டாம் என்றது? காலையில் வெயில் ஏறுமுன் வாருங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவை உண்டு, ஆனால் அடைமழையில் படகு விட மாட்டார்கள். விசைப்படகு அகல வாய்க்காலோடு திரும்பிவிடும், உள்ளே போக வேண்டுமானால் துடுப்புப் படகுதான். வேரைப் பிடிக்காதீர்கள், அதில் ஒட்டியிருக்கிற சிப்பி பிளேடு மாதிரி கையை அறுக்கும். தொப்பி, தண்ணீர். முடிந்தது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்தக் காடு தானாக நிற்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். வெயில் பட்டு மண் இறுகிப் பள்ளமானது. ஏறின கடல்தண்ணீர் வடிய வழியில்லாமல் தேங்கி வற்றி, உப்பு ஏறி, ஒன்றும் முளைக்காத வெட்டவெளி ஆனது. எவ்வளவு நட்டாலும் சாகும். 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டினார்கள்: நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். தண்ணீர் ஏறி இறங்கி உப்பைக் கழுவிக்கொண்டு போனது. அப்புறம்தான் நாற்று நின்றது. மண்வெட்டி பிடித்தவர்கள் கூலிக்குப் போன நம் ஊர் ஆட்கள். 2004 டிசம்பர் 26 அன்று, சுனாமி வந்தபோது, இந்த மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்கும் திறந்த கரையில் இருந்த ஊர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று பக்கத்து ஊரான கிள்ளையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில், இந்தக் காடு வந்தபோது எல்லாரும் ஸ்டேட்டஸ் வைத்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா?

சரி, எனக்கு உண்மையில் வலித்தது கிளை கூட இல்லை. அந்த வீடியோவின் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் காதைத் தீட்டிக் கேளுங்கள். துடுப்புப் போடுகிறவர் மெதுவாக, "சார், அது சுரபுன்னை சார்" என்கிறார். ஹீரோ திரும்பிப் பார்த்து, "அண்ணனுக்கே தெரியல பாருங்க" என்று சிரிக்கிறார். கீழே ஆயிரக்கணக்கில் சிரிப்பு எமோஜி.

அண்ணனுக்குத் தெரியாதாம். எந்த வாய்க்காலில் எந்நேரம் தண்ணீர் ஏறும், எங்கே படகு தட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற ஆளுக்கு. அதே தண்ணீரில் கழுத்தளவு இறங்கி, பறியை (பிடித்ததைப் போட்டு வைக்கிற கூடை) வாயில் கடித்துக்கொண்டு, வெறுங்கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர்களுக்கும் தெரியாதுதான் போல. மைக் வைத்திருக்கிறவருக்குத்தான் தெரியும்.

அந்த ரீல்ஸுக்குக் கீழே கமெண்டில் மரியாதையாகத்தான் எழுதினேன். "சார், படகுக்காரர் சொன்னது சரி, அது சுரபுன்னை." மூன்று தடவை எழுதினேன். மூன்றும் இப்போது அங்கே இல்லை.