சிரட்டை (கொட்டாங்குச்சி) மக்குமா மக்காதா, யாராவது சொல்லுங்கப்பா

வெப்ராளம் தாங்கல மக்களே. குப்பை எடுக்குற பேட்டரி வண்டி எங்க தெருவ மறந்தே போச்சு, வாளில மீன் தலையும் மரச்சீனித் தோலும் புழுக்க ஆரம்பிச்சாச்சு, சரின்னு ஸ்கூட்டர்ல வச்சு நானே குப்பைக் கிடங்குக்குக் கொண்டு போனா வழி பூரா மீன் தண்ணி செருப்புல சொட்டுது.

கேட்ல நின்ன ஆளு பைய வந்து வாளிக்குள்ள குச்சிய விட்டுக் கிண்டுனாரு. மீன் தலை ஓகே. சக்கை மடல் ஓகே. அடியில ஒரு சிரட்டை. அம்புட்டுதான். "இது மக்காதுண்ணே, நீல தொட்டிக்குப் போங்க." போனேன். அங்க பிரிச்சிட்டு இருந்த அக்கா, "இது தேங்காயில்லா, மக்கும், பச்சைல போடுங்க." திரும்ப வந்தேன். "அவிய சொன்னா ஆச்சா, மெஷின் பிளேடு போச்சுன்னா நீங்களா வாங்கித் தருவிய?" அப்போ எங்கதான் போட? பல்பு, காலாவதி மருந்து போடுற மூணாவது தொட்டிய ஒரு பார்வை பாத்தாரு பாருங்க, சத்தியமா அந்த சிரட்டைய அபாயக் கழிவுல சேத்துருவாருன்னு நெனச்சேன்.

"சார் வரட்டும்." சார் டீ குடிச்சுட்டு, பேப்பரும் படிச்சுட்டு வந்தாவ. சிரட்டைய பாக்கவே இல்ல. "எந்த வார்டு? அது இங்க எடுக்க மாட்டோமே."

சவம்! இத மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்னவே?

தேங்கா அரைக்காம ஒரு கறி கொதிக்காத கன்னியாகுமரி மாவட்டம் இது. ரப்பர் மரத்துல சிரட்டை கட்டி பால் எடுத்த ஊரு. பிரிச்சுக் குடுன்னு 2016லயே விதி வந்தாச்சு, இன்னும் சிரட்டைக்கு ஒரு முடிவு இல்ல. ஆனா ராத்திரியோட ராத்திரியா தார்ப்பாய மூடிட்டு கேரள எல்லைல களியக்காவிளை தாண்டி கோழிக் கழிவு லாரி வருதுல்லா, அதுக்குள்ள எவன் குச்சிய விட்டுக் கிண்டுனான்? 2024 டிசம்பர்ல நெல்லைப் பக்கம் கொட்டுன ஆஸ்பத்திரிக் கழிவ, பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பொறவுதான் கேரளாக்காரங்க வந்து லாரில அள்ளிட்டுப் போனாவ. அந்த லாரிக்காரன்ட்ட யாராவது வார்டு கேட்டாவளா?

இதுல அந்த மீனாவது உருப்படியான மீனாங்கீங்க? கிழக்க சின்னமுட்டத்துல ஏப்ரல் 15ல தொடங்குன மீன்பிடித் தடை முடிய ஜூன் 14 ஆவும், அதுக்குள்ள மேக்க கொளச்சல்ல ஜூன் 1ல அடுத்த தடை, ஜூலை 31 வர விசைப்படகு கெடையாது. மார்க்கெட்ல ஐஸ்ல கெடந்து கண்ணு வெளுத்த சாளைக்கு அந்தம்மா சொன்ன வெலைய கேட்டுட்டு, "தங்கத்துல செஞ்சதா"ன்னு கேட்டேன், "வேண்டாம்னா கைய எடும்"னுட்டாவ.